நிறை மெசினில ஏறிப் பாக்கிற ஆக்கள் விடுற பிழையள்

இப்ப கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு எண்டு எங்க போனாலும் கன வீடுகளில கண்ணாடி போட்ட நிறை மெசின் ஒண்டு கிடக்கு. கிளினிக்கில "சுகர் கூடிட்டுது, நிறையைக் குறையுங்கோ" எண்டு சொன்ன கையோட வாங்கி வந்து ஏறத் தொடங்கீனம், நல்ல விசயம்தான். ஆனா ரெண்டு மூண்டு கிழமையால பாத்தா பின்னேர நடையும் இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இல்லை, ஏன் விட்டனீங்கள் எண்டு கேட்டா "மெசினில ஒண்டும் குறையேல்லை அண்ணை" எண்டுதான் மறுமொழி வரும். உண்மையில உடம்பு குறைஞ்சுகொண்டுதான் இருந்திருக்கும், மெசினைப் பாத்த விதத்திலதான் பிழை. இப்பிடி நல்ல முயற்சியை அரைவாசியில கைவிடுறதைப் பாக்க எனக்குப் பெரிய கவலை, அதாலதான் கொஞ்சம் நீட்டியே எழுதுறன்.

எல்லாத்திலயும் பெரிய பிழை, நேற்றைய நிறையையும் இண்டைய நிறையையும் வைச்சுக் கணக்குப் பாக்கிறது. நேற்று 82 கிலோ, இண்டைக்கு 83.4 எண்டு காட்டினா அந்த 1.4 கிலோ கொழுப்பே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேருறதுக்கு உடம்பு செலவழிக்கிறதுக்கு மேலால கிட்டத்தட்ட 7700 கலோரி போகோணும், அது ஒரு ஆளுக்கு மூண்டு நாலு நாளுக்குக் காணுற சாப்பாடு, அவ்வளவையும் ஒரு நாளில வழமையான சாப்பாட்டுக்கு மேலதிகமா ஆர் சாப்பிடப் போயினம்? கூடினது தண்ணியும், வயித்துக்கையும் குடலுக்கையும் கிடக்கிற சாப்பாடும்தான். இரவு கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயுமாச் சாப்பிட்டா அந்த உப்பு தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், அடுத்த நாள் காலமை மெசின் கூடக் காட்டும். மலச்சிக்கல் எண்டாலும் அப்பிடித்தான்.

சோறும் புட்டும் செய்யிற வேலை இன்னொண்டு இருக்கு. மாச்சாப்பாட்டில ஒரு பங்கை உடம்பு ஈரலிலயும் தசையிலயும் கிளைக்கோஜன் எண்டு சேத்து வைக்கும், ஏறத்தாழ அரைக் கிலோ மட்டில, அதில ஒவ்வொரு கிராமோடயும் கிட்டத்தட்ட மூண்டு கிராம் தண்ணியும் சேந்து நிக்கும். அதாலதான் சோத்தை நிப்பாட்டின முதல் கிழமையில ஒண்டரை ரெண்டு கிலோ மளமளவெண்டு இறங்குது, பிறகு ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டோட அவ்வளவும் திரும்பி வருது. இறங்கேக்க கொழுப்புப் போட்டுது எண்டு நம்பினவைதான் ஏறேக்க மனமுடைஞ்சு போயினம். ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்குள்ள ஒண்டு ரெண்டு கிலோ கூடிக் குறையிறது இயற்கை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போட்டு வந்த அடுத்த நாள் ஏறிப் பாத்து மனசைக் குழப்பாதேங்கோ, மூண்டு நாலு நாள் போகட்டும். பொம்பிளையளுக்கு மாதவிடாய் வாற கிட்டடியிலயும் தண்ணி தேங்கி நிறை கூடலாம், அதால இந்த மாசம் அந்த நாளில பாத்ததை போன மாசம் அதே கட்டத்தில பாத்ததோட வைச்சுப் பாக்கிறதுதான் ஞாயம்.

இதுக்கு நேர்மாறான பிழையும் இருக்கு, எனக்கு அதுதான் கூடப் பயம். எங்கட வெயிலில வயலிலயோ தோட்டத்திலயோ நிண்டிட்டு வந்து உடன ஏறிப் பாத்தா ஒரு கிலோவுக்கு மேலயும் குறைஞ்சிருக்கும். அது வேர்வை, தண்ணி குடிச்ச உடன திரும்பி வந்திடும். ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ எண்ட கணக்குத்தான். ஆனா சிலபேர் அந்த இலக்கம் திரும்ப ஏறக்கூடாது எண்டு தண்ணியைக் குறைச்சுக் குடிக்கினம், பேதி மருந்து எடுக்கினம், ஆரோ ஒராளுக்குக் குடுத்த நீர் போற குளிசையை வாங்கிப் போடீனம். தயவுசெய்து செய்யாதேங்கோ. வவுனியாப் பக்கம் காரணம் இன்னும் சரியாப் பிடிபடாத சிறுநீரக வருத்தம் எத்தினை குடும்பத்தைப் போட்டு வாட்டுது எண்டு எங்களுக்குத் தெரியும், அப்பிடியான இடத்தில இருந்துகொண்டு மெசினுக்காகத் தாகத்தை அடக்கிறது பெரிய ஆபத்து.

பாக்கிற நேரத்தை ஒண்டாக்கினா பாதிக் குழப்பம் தீரும். காலமை எழும்பி, டொய்லெட்டுக்குப் போட்டு வந்து, தேத்தண்ணி குடிக்க முதல், ஒரே மாதிரி மெல்லிசான உடுப்போட ஏறுங்கோ. பின்னேரம் ஜீன்சோட, பொக்கெட்டில போனோட ஏறினா கூடத்தான் காட்டும்.

மெசினை வைக்கிற இடமும் முக்கியம். டிஜிற்றல் மெசினுக்கு நாலு மூலையிலயும் அடியில கால் இருக்கும், பாரத்தை உணருற பகுதி அதுக்குள்ளதான் இருக்கு. பாய்க்கு மேலயோ காப்பெற்றுக்கு மேலயோ வெடிச்ச சீமெந்து நிலத்திலயோ வைச்சா அந்த நாலும் சரியாப் பதியாது, நிறை மாறும். சமமான சீமெந்து, இல்லாட்டி டைல்ஸ், ஒரே இடம். எடுத்து வேற இடத்தில வைச்சா காலால ஒருக்கா அமத்தி, பூச்சியம் வந்து அணைஞ்ச பிறகு ஏறுங்கோ. குளியலறையில வைக்க வேண்டாம், ஈரம் உள்ளுக்குப் போனா பழுதாப் போயிடும். பழைய முள்ளு மெசின் எண்டா ஏற முதல் முள்ளு பூச்சியத்தில நிக்குதோ எண்டு பாத்து, இல்லாட்டி அந்தச் சில்லைத் திருப்பிச் சரிக்கட்டுங்கோ. பெட்டரி இறங்கினாலும் தாறுமாறாக் காட்டும். திடீரெண்டு 176 எண்டு காட்டினா பயப்பிடாதேங்கோ, அடியில இருக்கிற பட்டின் அமந்து இறாத்தலுக்கு மாறியிருக்கும், அது 80 கிலோதான்.

கனபேருக்குத் தெரியாத ஒண்டு, கன டிஜிற்றல் மெசினுகள் கடைசியாக் காட்டின நிறையை நினைவில வைச்சிருக்கும். திரும்ப ஏறேக்க வித்தியாசம் சின்னனா இருந்தா பழைய இலக்கத்தையே காட்டிப்போடும். "மூண்டு தரமும் ஒரே நிறை, மெசின் சரிதான்" எண்டு நம்பிறது இதாலதான் பிழைக்குது. மெசினைச் சோதிக்க வேணுமெண்டா ஒருக்கா வெறுங்கையோட ஏறுங்கோ, பிறகு உடைக்காத அஞ்சு கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கோ. வித்தியாசம் அஞ்சுக்குக் கிட்ட வரோணும்.

நெல்லு மில் தராசில ஒரு நாள், பாமசியில ஒரு நாள், வீட்டில ஒரு நாள் எண்டு பாத்து ஒப்பிடுறதிலயும் பலன் இல்லை. கிளினிக்கில பாத்ததைக் கிளினிக்கோட, வீட்டில பாத்ததை வீட்டோட. செயற்கைக் கால் போட்டிருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் கனபேர், அவை ஒண்டில் எப்பவும் காலோட, இல்லாட்டி எப்பவும் கால் இல்லாமல் பாக்கோணும், நிக்கிறது கஷ்டமெண்டா ஆஸ்பத்திரியில இருந்தபடி நிறுக்கிற கதிரை இருக்கோ எண்டு கேளுங்கோ. உயரத்தையும் நிறையையும் வைச்சுப் பாக்கிற சாதாரண பி.எம்.ஐ. கணக்கு அவைக்கு அப்பிடியே பொருந்தாது, குறைச்சுக் காட்டும்.

கொழுப்பு வீதம் காட்டுற மெசினுகளை அப்பிடியே நம்பாதேங்கோ. பாதத்தால மெல்லிய மின்சாரத்தை விட்டு, வயசு உயரத்தையும் சேத்து ஒரு மதிப்பீடு போடுது, அவ்வளவுதான். தண்ணி குடிச்சா, கால் ஈரமா இருந்தா, பாதம் தடிச்சுக் காய்ஞ்சிருந்தா மாறும். இதயத்தில பேஸ்மேக்கர் வைச்ச ஆக்கள் அதில ஏறவே கூடாது, கர்ப்பிணித் தாய்மாரும் தவிர்க்கிறது நல்லது.

அப்ப எப்பிடித்தான் பாக்கிறது? தினமும் பாத்து ஒரு கொப்பியில எழுதி, ஏழு நாளையும் கூட்டி ஏழால பிரிச்சு, வந்த இலக்கத்தைப் போன கிழமை இலக்கத்தோட மட்டும் பாருங்கோ. கிழமைக்கு அரைக் கிலோ குறைஞ்சா நல்ல முன்னேற்றம், ஒரு கிலோவுக்கு மேல ஓட வேண்டாம். தினமும் பாக்கிறது மனசைக் கெடுக்குமெண்டா கிழமைக்கு ஒரு நாள், அதே நாள். அதோட தையல்காரர் வைச்சிருக்கிற நாடாவால இடுப்பையும் அளவுங்கோ, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவால, மூச்சை விட்ட பிறகு. எங்கட ஆக்களில ஆம்பிளையளுக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளையளுக்கு 80, அதுக்குக் கீழ இருக்கோணும். நிறை அசையாத மாசத்திலயும் இடுப்பு குறையலாம்.

இதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ள ஆக்களுக்கு ரெண்டு மூண்டு நாளில ரெண்டு கிலோ ஏறி, காலும் வீங்கி, படுத்தா மூச்சு இழுக்குது எண்டா கிளினிக் நாள் வருமட்டும் பாத்துக்கொண்டிராமல் உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஒரு கட்டுப்பாடும் செய்யாமல் மாசாமாசம் நிறை இறங்கினாலும் சந்தோசப்படாதேங்கோ, கட்டுப்பாட்டில இல்லாத சுகரோ, தைரோயிட்டோ, காசமோ, வேற வருத்தமோ எண்டு பாக்கோணும். போகேக்க அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கோ, டொக்டருக்கு அது நல்ல உதவி.