நோடில் ரிக்வெஸ்ட் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க் எதற்கு என்று, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இல் நேரடியாகவே ஒரு சின்ன சர்வர் எழுதினேன். கருத்துப் படிவத்தை வாங்கிச் சேமிப்பதுதான் வேலை. ரிக்வெஸ்ட்டின் உள்ளடக்கம் (பாடி) துண்டு துண்டாக (சங்க்) வரும். அவற்றை ‘பாடி += சங்க்’ என்று ஒட்டிக்கொண்டே போனேன். ஆங்கிலத்தில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. ஒருவர் தமிழில் நீளமாக எழுதி அனுப்பினார். ‘வந்தது’ என்ற சொல்லின் நடுவே கறுப்பு டைமண்டுகளும் அவற்றுக்குள் கேள்விக்குறிகளும் உட்கார்ந்திருந்தன.

வருவது எழுத்து அல்ல, பைட். எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் ‘த’வுக்கு 3, உகரக் குறிக்கு 3, ஆக ‘து’வுக்கு 6. துண்டு எங்கே அறுபடும் என்பது நம் கையில் இல்லை. ‘த’வின் 2 பைட் ஒரு துண்டிலும் மீதி அடுத்ததிலும் வந்தால், += இரண்டையும் தனித்தனியே ஸ்டிரிங்காக்கி எழுத்தைச் சிதைத்துவிடும். துண்டுகளை அரேயில் சேர்த்து, எல்லாம் வந்தபின் பஃபர்.கான்கேட் மூலம் ஒன்றாக்கி, அப்புறம் ஸ்டிரிங்காக்குங்கள். சேர்க்கும்போதே மொத்த அளவையும் பாருங்கள். இல்லாவிட்டால் எவராவது ஜிபி கணக்கில் அனுப்பி மெமரியைத் தின்றுவிடுவார்.

பதில் அனுப்பும்போதும் இதே கணக்குதான். ‘வணக்கம்’ லெங்த் 7, பைட் 21. பதிலின் பைட் அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரில் 7 என்று போட்டால் ‘வண’வோடு கதை முடியும். பஃபர்.பைட்லெங்த் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

அடுத்து, வந்த ஜேசன் ஸ்டிரிங்கை ஆப்ஜெக்ட்டாக்கும் ஜேசன்.பார்ஸ். எரரைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் இல்லாமல், எல்லாத் துண்டும் வந்தபின் நடக்கும் எண்ட் நிகழ்வுக்குள் வைத்தால், எவரோ கூடுதலாக விட்ட ஒரு கமாவுக்கு சர்வரே விழும். ‘தவறான ரிக்வெஸ்ட்’ என்று சொல்லும் 400 அனுப்ப வேண்டிய இடம் அது.

சரி, எக்ஸ்பிரஸுக்கே வந்துவிட்டால்? எக்ஸ்பிரஸ்.ஜேசன் போட்டும் ரெக்.பாடி காலியாக இருந்தால், முதலில் கன்டென்ட்-டைப்பைப் பாருங்கள். அப்ளிகேஷன்/ஜேசன் என்று வராததை அது தொடவே தொடாது. ‘அளவு மிக அதிகம்’ என்ற 413 வந்தால், அதன் இயல்பான 100 கேபி வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். உடனே எல்லா ரூட்டுக்கும் (யூஆர்எல் பாதைக்கும்) 50 எம்பி என்று திறந்துவிடுவது சோம்பேறித்தனம். தேவைப்படும் ரூட்டுக்கு மட்டும் கூட்டுங்கள்.

யூஆர்எல்-இல் கேள்விக்குறிக்குப் பின் வரும் குவெரியையும் நம்பாதீர்கள். ‘?ஊர்=மதுரை&ஊர்=தேனி’ என்று வந்தால் ரெக்.குவெரி.ஊர் ஸ்டிரிங் அல்ல, அரே. அதன்மேல், ஓர இடைவெளியை நீக்கும் ட்ரிம் கூப்பிட்டால் எரர்தான்.