முதல் சிறுவர் நூலா? முதலில் மாதிரி செய்யுங்கள்

திருகோணமலையில் இருந்துகொண்டு முதல் சிறுவர் நூலை வெளியிட நினைப்பவர்கள், அச்சகத்துக்குப் போகும் முன் நாலு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வையுங்கள். பதினாறு பக்கம் வரும். கதையைப் பென்சிலால் பிரித்து எழுதி, உவர்மலையிலோ நிலாவெளியிலோ தெரிந்த ஒரு பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை எந்தப் பக்கத்தில் எழுந்து ஓடுகிறதோ, அங்கே கதை நீளம்.

நடுவில் கம்பிப் பின் அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 16, 24, 32. பதினெட்டுப் பக்கக் கதை என்றால் இரண்டைக் குறையுங்கள், அல்லது இரண்டு பக்கம் படம் கூட்டுங்கள்.

அப்புறம், எத்தனை பிரதி? தகடு செய்து அதிலிருந்து அச்சடிக்கும் ஓப்செட் முறையில், தகட்டுச் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் கொஞ்சமாக அடித்தால் ஒரு பிரதியின் விலை ஏறிவிடும். முதல் நூலுக்கு, தகடு தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு போதும் என்பேன். கட்டில் அடியில் புத்தகக் கட்டுகள் தேங்காது.

பதிப்பகத்திடம் கொடுப்பதானால் பதிப்புரிமை யாருக்கு, உங்களுக்கு எத்தனை பிரதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓவியரோடும் அப்படியே. நீங்களே வெளியிட்டால், நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அச்சுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அது பின்னட்டையில் வர வேண்டும்.