எலும்பு வலிக்கும், நோய் ரத்தத்தில் இருக்கும்: மைலோமாவில் நாம் சறுக்குகிற இடங்கள்

என் பெரியப்பாவின் ஃபைலில் ஒரு பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கிறது. டோட்டல் புரோட்டீன் 9.8, ஆல்புமின் 3.1, குளோபுலின் 6.7. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்பதற்கான குறி. அந்தத் தாள் வந்த அன்று நாங்கள் சர்க்கரையைப் பார்த்தோம், கொழுப்பைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று மடித்து வைத்துவிட்டோம். முதுகுவலிக்கு ஏழு மாதம் மாத்திரை, தைலம், பெல்ட். "வயசாச்சு, எலும்புத் தேய்மானம்" என்றுதான் போன இடமெல்லாம் சொன்னார்கள். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றின் பெயர் எங்கள் காதில் விழுந்தது, ஒரு முள்ளெலும்பு அமுங்கிப்போன பிறகு.

நான் டாக்டர் இல்லை. அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவரும் ஆள், அவ்வளவுதான். படித்ததிலும் நான் நிறையச் சறுக்கியிருக்கிறேன்.

ரத்தப் புற்று என்றதும் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் என்று நினைப்பது முதல் சறுக்கல். அது லுக்கீமியாவின் கதை. மைலோமாவில் கெட்டுப்போவது பிளாஸ்மா செல். கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி புரதங்களைச் செய்வதுதான் எலும்பு மஜ்ஜைக்குள் உட்கார்ந்திருக்கும் இந்தச் செல்லின் வேலை. ஒரு செல் தடம் புரண்டு பெருகினால், ஒரே அச்சில் வார்த்த உதவாத புரதம் ரத்தத்தில் குவியும். வெள்ளை அணு எண்ணிக்கை ஒழுங்காகவே இருக்கலாம். துப்பு வேறு இடத்தில் கிடைக்கும்: காரணம் தெரியாத ரத்தசோகை, ஏறிக்கிடக்கும் இஎஸ்ஆர் (சிவப்பணு படியும் வேகம்), ஆல்புமினைத் தாண்டி நிற்கும் குளோபுலின் (ஆன்டிபாடிகள் இந்தக் கணக்கில்தான் வரும்). பெரியப்பாவின் தாளில் இருந்தது இந்த மூன்றாவது. குளோபுலின் ஏற வேறு காரணங்களும் உண்டு, அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். ஏன் ஏறியது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரஸிஸ் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மைலோமா இல்லை என்று முடிவு கட்டிவிடுவது. நோயாளிகளில் சுமார் ஆறில் ஒருவருக்கு, முழு ஆன்டிபாடிக்குப் பதில் அதன் சிறு துண்டான லைட் செயின் மட்டும் சுரக்கும். அது சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டை தேடுவது ஆல்புமினை, அதனால் அதிலும் இது பிடிபடாமல் போகலாம். ஃப்ரீ லைட் செயின் என்ற தனி ரத்தச் சோதனை இதற்கு வேண்டும்.

இந்தத் துண்டுப் புரதத்தின் கதை லண்டனில் 1845இல் தொடங்குகிறது. தாமஸ் மெக்பீன் என்ற மளிகை வியாபாரி. 1844 செப்டம்பரில் விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு நிலவறையிலிருந்து தாவி ஏறும்போது, நெஞ்சுக்குள் ஏதோ பட்டென்று முறிந்தது போல இருந்திருக்கிறது. நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், அட்டை விட்டார்கள். இடையில் கொஞ்சம் தேறினார், மறுபடி படுத்தார். அவருடைய சிறுநீர் சூடுபட்டதும் திரிந்து, நன்றாகக் கொதித்ததும் தெளிந்து, ஆறியதும் மறுபடி திரிந்தது. வில்லியம் மேக்கின்டயர் என்ற டாக்டருக்கு இது விசித்திரமாகப் பட்டது. ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் தெரிந்த டாக்டருக்கு அனுப்பினார். இன்றும் அந்தப் புரதத்துக்கு பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே பெயர். மெக்பீன் 1846 ஜனவரி 1 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனையில் விலா எலும்புகள் கத்திக்கு வளைந்து கொடுத்தன, உள்ளே ரத்தச் சிவப்பில் ஜெல்லி மாதிரி ஒரு பொருள். நெஞ்சில் பிளாஸ்திரி, எங்கள் வீட்டில் இடுப்பில் பெல்ட். பெரிய வித்தியாசம் இல்லை.

எலும்பு ஏன் இப்படி இற்றுப்போகிறது? நம் எலும்பைக் கரைக்கிற செல்களும் கட்டுகிற செல்களும் எப்போதும் மாறி மாறி வேலை செய்துகொண்டே இருக்கும். மைலோமா செல்கள் கரைப்பவரைத் தூண்டிவிட்டு, கட்டுபவரின் கையைக் கட்டிப்போடும். டிகேகே-1 என்ற புரதம் இப்படிக் கட்டிப்போடுவதில் பங்கு வகிக்கிறது என்று 2003இல் ஒரு ஆய்வு காட்டியது. இது வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. இதில்தான் அடுத்த தவறு ஒளிந்திருக்கிறது. மருந்து ஏற்றி எடுக்கும் சாதாரண 'போன் ஸ்கேன்', எலும்பு எங்கே கட்டப்படுகிறதோ அங்கேதான் ஒளிரும். மைலோமாவில் கட்டும் வேலையே நின்றுபோகிறது. அதனால் ஓட்டை ஓட்டையாக இருக்கும் எலும்புகூட அதில் சாதுவாகத் தெரியலாம். எக்ஸ்ரேயும் அப்படித்தான், எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே ஓட்டையைக் காட்டும். இப்போது உடல் முழுவதற்குமான குறைந்த கதிர்வீச்சு சிடி, பெட்-சிடி, எம்ஆர்ஐ இவற்றைத்தான் நம்புகிறார்கள்.

வீட்டில் நடக்கும் தவறுகளில் எனக்கு இன்றும் உறுத்துவது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா. லைட் செயின்கள் ஏற்கெனவே சிறுநீரகக் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் இந்த மாத்திரையும், தண்ணீர் குடிக்காத வெயில் நாளும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், பெரியப்பாவுக்கு ஏழு மாதத்தில் இரட்டிப்பானது. அதில் எவ்வளவு நோயால், எவ்வளவு மாத்திரையால் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதுகை அழுத்தி நீவி விடுவது இன்னொன்று, இற்றுப்போன முள்ளெலும்பு அதில் நொறுங்கலாம். அப்புறம் 'எலும்பு வீக்காயிடுச்சு' என்று கடையில் நாமே வாங்கிப் போடும் கால்சியம். கரைந்த எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது ஆபத்து. அதே கால்சியத்தை எலும்பு ஊசி தொடங்கிய பிறகு டாக்டரே எழுதிக் கொடுப்பார். இரண்டும் வேறு வேறு கட்டம்.

அந்த எலும்பு ஊசிக்கு வருவோம். எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலட்ரோனிக் அமிலம். இதை ஏதோ சத்து ஊசி என்று நினைத்து, 'வலிதான் குறைஞ்சிடுச்சே' என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 1,960 பேரிடம் நடந்த மைலோமா IX ஆய்வு 2010இல் வெளியானது. பழைய மாத்திரையான குளோட்ரோனேட்டோடு ஒப்பிட்டால், இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) ஐந்தரை மாதம் கூடியிருந்தது. எலும்புக்குக் கொடுத்த மருந்து ஆயுளையும் கூட்டியது. ஆனால் ஊசிக்கு முன் பல் டாக்டரைப் பார்க்காமல் விடக்கூடாது. ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் உண்டு. இது 2003 வாக்கில்தான் தெரியவந்தது.

ஆராய்ச்சிச் செய்திகளைப் படிப்பதில் நான் வாங்கிய பெரிய அடி வெனட்டோக்ளாக்ஸ். நோய் திரும்பிய மைலோமா நோயாளிகளுக்கு, வழக்கமான மருந்தோடு இந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது பெல்லினி ஆய்வு. 291 பேர். நோய் மறுபடி ஏறாமல் இருந்த காலம் 11.5 மாதத்திலிருந்து 22.4 மாதமானது, கிட்டத்தட்ட இரு மடங்கு. தலைப்போடு படிப்பதை நிறுத்தியிருந்தால் நான் அன்றே பெரியப்பாவின் டாக்டரிடம் ஓடியிருப்பேன். அடுத்த வரியைப் படித்தால், புது மாத்திரை எடுத்த 194 பேரில் 41 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காத 97 பேரில் 11 பேர். சதவீதத்தில் 21க்கு 11. நோய் அடங்கியது, ஆட்கள் அதிகம் போனார்கள். சிகிச்சை ஓடும்போதே நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை தொற்றால். 2019 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. ஆனால் அதே ஆய்வில் டி(11;14) என்ற குரோமோசோம் மாற்றம் உள்ளவர்களிடம் இதே மருந்து நன்றாகவே வேலை செய்ததாகத் தெரிந்தது. அதனால் 'நோய் ஏறாத காலம்' என்று போட்டிருந்தால், அதை 'உயிரோடு இருந்த காலம்' என்று படித்துவிடாதீர்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள்.

கெட்ட செய்தியையும் அவசரப்பட்டு நம்பக்கூடாது. டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு ஊசியை ஜோலட்ரோனிக் அமிலத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வந்தது. அதில் 1,776 பேர், பெரும்பாலும் வேறு புற்றுநோய்க்காரர்கள், மைலோமா 180 பேருக்கு மட்டும். அந்தச் சிறு குழுவில் டெனோசுமாப் பக்கம் மரணம் அதிகமாகத் தெரிந்தது. பிறகு மைலோமாவுக்கென்றே 1,718 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வந்தபோது, ஆயுளில் வித்தியாசமே இல்லை, சிறுநீரகப் பக்கவிளைவு டெனோசுமாபில் குறைவு. ஒரு பெரிய ஆய்விலிருந்து பிய்த்தெடுத்த சின்னத் துண்டு அப்படித்தான் ஏமாற்றும். ஆனால் டெனோசுமாபைத் திடீரென்று நிறுத்தினால் எலும்புக் கரைப்பு முன்னைவிட வேகமெடுக்கும், அதை டாக்டரைக் கேட்காமல் விடக்கூடாது.

கடைசியாக மஞ்சள். 2017இல் ஒரு பிரிட்டன் மருத்துவ இதழில், பல சிகிச்சைகளைப் பார்த்துவிட்ட ஒரு பெண், தினம் 8 கிராம் குர்குமின் எடுத்து ஐந்து வருடம் நோய் ஏறாமல் இருந்ததாக ஒரு குறிப்பு வந்தது. நம் ஊர் வாட்ஸ்அப்பில் அது 'மஞ்சள் ரத்தப் புற்றைக் குணமாக்கும்' என்று மாறி, பெரியப்பாவின் போனுக்கு நாலு பேரிடமிருந்து வந்து சேர்ந்தது.

"ஏம்ப்பா, இதைப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். ஒரே ஒரு ஆள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. போதாக்குறைக்கு, மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். கணக்குப் போட்டால் தினமும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். 'இயற்கைதானே, என்ன கெடுதல்' என்பதும் எடுபடாது. பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு பொருள், மைலோமாவுக்குப் போடும் போர்ட்டிசோமிப் ஊசி மருந்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்று 2009இல் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். எலிதான், மனிதர் இல்லை. ஆனாலும் அந்த ஊசி ஓடும்போது கிரீன் டீ வேண்டாம் என்று எங்களுக்கும் சொன்னார்கள்.

இதையெல்லாம் விளக்கி முடித்தேன். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி, குழம்புல போடுறதாவது போட்டுக்கலாமா?"

"தாராளமா போட்டுக்கோங்க பெரியப்பா."