கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நாம் நேரத்தைத் தொலைக்கும் இடங்கள்

மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் துணியில் லேசாக ரத்தக்கறை. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு, மறுபடி வருகிறதா பார்ப்போம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடவே கூடாது. மாதவிடாய் நின்ற பின் ஒரே ஒரு தடவை ரத்தம் பட்டாலும், தாம்பத்திய உறவுக்குப் பிறகு பட்டாலும், அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது. இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அது உள்ளே தங்கிப் புற்றாக மாற பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் வலி இருக்காது, எதுவும் தெரியாது. ஆனால் பரிசோதனையில் தெரிந்துவிடும். நர்ஸ் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிஷம் பார்ப்பார். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளியான முடிவு இது. நம் ஊர்ப் பெண்களிடமே நிரூபணமான ஒன்றை நாம் தவறவிடலாமா?

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்பதும் தப்புக் கணக்குதான். இது பரம்பரையாக வரும் நோய் இல்லை. தாம்பத்திய உறவில் பரவும் வைரஸ் என்பதற்காக நடத்தையைச் சந்தேகிப்பதோ கொடுமை. திருமணமான பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் வந்து போயிருக்கும்.

அதிக ரத்தப்போக்கு என்று கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், வாய்ப்பகுதியைச் சோதித்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். புற்று இருப்பது தெரியாமல் சாதாரண ஆபரேஷன் செய்துவிட்டால், அப்புறம் சிகிச்சை சிக்கலாகிவிடும்.

எனக்கு மிகவும் வலிப்பது சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதுதான். நோய் முற்றியிருந்தால் வெளியிலிருந்து கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, சுமார் ஐந்து வாரம், கூடவே வாரம் ஒரு முறை கீமோ என்ற புற்றுநோய் மருந்து, அதன்பின் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. இரண்டு மூன்று வாரத்தில் ரத்தப்போக்கு நின்றுவிடும். பசி எடுக்கும், உடம்பு தேறின மாதிரி இருக்கும். நாற்று நடவு, பேத்தி காதுகுத்து என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் செல்கள் அந்த இடைவெளியில் வளர்ந்துவிடும். எல்லாமே எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கும். உள்கதிர்வீச்சுக்குப் பயந்து நழுவுவதும் அப்படித்தான். அது இல்லாமல் இந்தச் சிகிச்சை முழுமையே ஆகாது. வயிற்றுப்போக்கு இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்குங்கள், வராமல் இருக்காதீர்கள். ரத்தசோகையையும் உடனே சரிசெய்ய வேண்டும். பஸ் செலவோ துணைக்கு ஆள் இல்லாததோ பிரச்சினை என்றால் வார்டிலேயே சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் இருந்தால் தடுப்பூசி போட்டுவிடுங்கள். போட்டாலும், 30 வயதுக்கு மேல் அவளும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.