நீச்சல் தடாகத்தில் லைஃப்கார்ட் கவனிக்காவிட்டால் என்ன செய்வது

போன வருடம் மட்டக்களப்பில் ஒரு தடாகத்தில் பின்னேரம் நீந்திக்கொண்டிருந்தபோது, நடுத் தண்ணீரில் வலது கெண்டைக்கால் கல்லு மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டது. தடக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உயரக் கதிரையைப் பார்த்தேன். லைஃப்கார்ட் தம்பி குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கரைக்கு வந்து காலை உருவிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் நிமிரவே இல்லை. அன்றைக்குக் கயிறு இருந்தது, தப்பினேன். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கிறதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லடிக் கடலிலும் வாவியிலும் குளித்து வளர்ந்த எங்களுக்குத் தடாகம் என்றால் ஒரு அலட்சியம், அலை இல்லை, சுழி இல்லை, பிறகென்ன என்று. லைஃப்கார்டுக்கும் அதே நினைப்புத்தான்: நேராக ரவுண்ட் அடிக்கிற ஆளுக்கு நீந்தத் தெரியும், சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் போதும் என்று விட்டுவிடுவார். ஆனால் நீரில் தாழ்கிறவர் பெரும்பாலும் கூப்பிடுவதே இல்லை, வாய் தண்ணீருக்கு மேலே வருகிற கொஞ்ச நேரத்தில் மூச்சு எடுக்கத்தான் முடியும், சத்தம் போட முடியாது. அப்படி மேலே நின்று போராடுவது 20 முதல் 60 செக்கன்தான், பிறகு தாழ்ந்துவிடுவார். மாரடைப்போ வலிப்போ வந்தால் அந்தப் போராட்டமும் இருக்காது, நீந்தின ஆள் அப்படியே நின்றுவிடுவார். ஒரு வீடியோ பார்த்து முடிக்கிற நேரம் இதற்குப் போதும்.

அதனால் தண்ணீரில் இறங்க முதல் ஒரு இரண்டு நிமிடம் கரையில் நின்று அவரைப் பாருங்கள். வெளிநாட்டுப் பயிற்சிகளில் 10/20 என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், தன் பகுதி முழுவதையும் 10 செக்கனுக்குள் கண்ணால் ஒருதரம் பார்த்து முடிக்க வேண்டும், ஆபத்தில் இருக்கிறவரிடம் அடுத்த 20 செக்கனுக்குள் போய்ச் சேர வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணிப் பாருங்கள், அவர் தலை ஒருதரமாவது இந்தப் பக்கம் திரும்புகிறதா? அப்புறம் கதிரைக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் நீந்தப்போகிற தடத்தின் அடி தெரிகிறதா என்று பாருங்கள். பின்னேர வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழும்போது தண்ணீர் தகரம் மாதிரி மின்னும், அடியில் ஒரு ஆள் கிடந்தாலும் தெரியாது. தண்ணீர் கலங்கி ஆழப் பக்கத்து அடித்தளமே தெரியவில்லையா, அன்றைக்கு நீந்தாமல் வீட்டுக்குப் போங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

சரி, ஆள் இருக்கிறார், தண்ணீரும் தெளிவு. இனி அவரோடு கதையுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். "தம்பி, நான் ஆறரை மட்டும் இந்த ஓரத்தில நீந்துவன், இடையில நின்டுட்டா ஒருக்கா பாருங்க" என்று சொன்னால் போதும், அதுவரைக்கும் வெறும் தொப்பியாகத் தெரிந்த நீங்கள் அவருக்கு ஒரு ஆளாகிவிடுவீர்கள். பிரஷர், சீனி, வலிப்பு இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூச்சடக்கி நீருக்கடியில் நீந்திப் பழகுகிறவர்கள் தயவுசெய்து தனியாகச் செய்யாதீர்கள். முதலில் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் உடம்பில் காபனீரொட்சைட்டு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வே பிந்தித்தான் வரும், அதற்குள் மயங்கிவிடலாம். மேலே இருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் இன்னும் சுழியோடுகிற மாதிரித்தான் தெரியும்.

அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் தண்ணீருக்குள் இருந்து கத்த வேண்டாம். ஏறிப் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல், "தம்பி, உங்கள நம்பித்தான் இறங்கியிருக்கன்" என்று சொல்லுங்கள். எனக்கு இது பலதரம் வேலை செய்திருக்கிறது. கதிரைக்குப் பக்கத்தில் நின்று அவரோடு கிரிக்கெட் கதைக்கிறவர்களும் நாங்கள்தானே, அதையும் நிறுத்த வேண்டும். சில இடங்களில் அவரே ரிக்கெட் வெட்டி, தண்ணீருக்கு மருந்து போட்டு, பிள்ளைகளின் சண்டையும் தீர்க்கிறார், வைகாசி வெயிலில் மாற்று ஆள் இல்லாமல் மணிக்கணக்காக ஒரே கதிரையில் இருக்கிறார். அந்தக் குறையை அவரிடம் சொல்லிப் பலனில்லை. நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்: திகதி, நேரம், எத்தனை நிமிடம் கதிரை வெறுமையாக இருந்தது, அப்போது தண்ணீரில் எத்தனை பேர். "ஆள் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அந்த ஆளை மாற்றிவிட்டு அதே வேலையை இன்னொரு பொடியனுக்குக் கொடுப்பார்கள். படம் எடுத்து முகப்புத்தகத்தில் போடுவதும் அப்படித்தான் முடியும்.

உங்கள் பக்கத்துக்கு: சுவரோரத் தடத்தை எடுங்கள், பளிச்சென்ற நிறத்தில் தொப்பி போடுங்கள், கூட ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். கெண்டை இழுத்தால் மல்லாந்து மிதந்து, கால் பெருவிரலை உங்கள் பக்கம் இழுங்கள். ஒவ்வொரு சுவரிலும் திரும்பும்போது பக்கத்துத் தடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஒருவர் நிமிர்ந்த நிலையில், தலை பின்னால் சாய்ந்து, முன்னேறாமல் நிற்கிறாரா, "என்ன, சரியா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் லைஃப்கார்டைக் கத்திக் கூப்பிட்டு, வளையத்தையோ தடியையோ எட்டக் கொடுங்கள்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால், மூழ்கினவருக்கு முதலில் தேவை காற்று: பழகினவர் ஐந்து தரம் வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு 30 தரம் நெஞ்சை அழுத்தி 2 தரம் ஊதுவதாகத் தொடர வேண்டும். பழக்கமில்லாதவர் அழுத்துவதையாவது நிறுத்தாமல் செய்ய வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கட்டும். தடாகத்தின் பெயரோடு நிறுத்தாமல் எந்த வீதி, எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லி, அந்த வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.