ஜெர்மனியில் சம்மர் இன்டர்ன்ஷிப்: முதலில் மெயில், அப்புறம்தான் விசா

ஐஐடி, என்ஐடி மாதிரி இடங்களில் அறிவியலோ இன்ஜினியரிங்கோ படிப்பவர்களுக்கு டிஏஏடி (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தரும் வைஸ் (WISE) உதவித்தொகை இருக்கிறது. கோடையில் இரண்டு மூன்று மாதம் ஜெர்மன் ஆய்வகத்தில் வேலை. ஆனால் விண்ணப்பத்தோடு அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதம் வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் வரும், அதனால் ஆகஸ்டிலேயே பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்ப ஆரம்பித்துவிடுங்கள்.

நான் 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஒரே மெயிலை நாற்பது பேருக்குத் தட்டிவிட்டேன். அதில் ஆறு பேர் பெண்கள். ஒரு பதிலும் வரவில்லை, வருமா பின்னே! அப்புறம் ஒருவருடைய சமீபத்திய கட்டுரையை நிஜமாகவே உட்கார்ந்து படித்து, அதில் மூன்றாவது படத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு, நான் எழுதிய சின்ன பைதான் புரோகிராமின் லிங்க்கையும் சேர்த்து இரண்டே பத்தியில் எழுதினேன், மறுநாளே பதில்.

கடிதம் கிடைத்ததும் பாஸ்போர்ட் செல்லுபடியைப் பாருங்கள், விசா அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அறைக்கு மாணவர் விடுதியை முதலில் கேளுங்கள். வாடகைக்கு விடுபவர் சாவியை வெளியூரில் இருந்து அனுப்புகிறேன், அட்வான்ஸ் போடுங்கள் என்றால் அது மோசடி.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கிவையுங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலையும் தூக்கி எறியாதீர்கள், சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால், வாங்கும்போது டெபாசிட்டாகக் கொடுத்த காசு, பெரும்பாலும் ஒன்றுக்கு 25 சென்ட், திரும்பக் கிடைக்கும்.