பெயின்ட் அடித்தும் பெரிதாகாத ஹால்

எங்கள் குட்டி வீட்டின் ஹால் 10க்கு 12 அடிதான். நாலாவது ஆள் வந்தால் வாசலில் நிற்க வேண்டும்.

முதலில் வெள்ளை பெயின்ட் அடித்துப் பார்த்தேன். அடைசல் அப்படியே இருந்தது. தப்பு நிறத்தில் இல்லை, சோபாவில். தரையோடு ஒட்டிய, கைப்பிடி தடித்த ராட்சசன் அது! அதைத் தள்ளிவிட்டு, 6 அங்குலக் கால் வைத்த ஒல்லி சோபா ஒன்று வாங்கினேன். அடியில் தரை தெரிகிறது. கண்ணுக்கு அதுவும் இடமாகவே படுகிறது. டீப்பாய்க்கும் சோபாவுக்கும் நடுவே ஒன்றரை அடி, நடைவழிக்கு இரண்டரை அடி. இதற்குக் குறைந்தால் முட்டி இடிக்கும், அனுபவித்துவிட்டேன்.

அடுத்தது திரைச்சீலை. ஜன்னல் சட்டத்தை ஒட்டியிருந்த கம்பியைக் கழற்றி, கூரைக்குக் கொஞ்சம் கீழே, இருபக்கமும் அரை அடி நீட்டி மாட்டினேன். துணியைத் தரைவரை இறக்கியதும் தாழ்ந்த கூரை உயர்ந்ததுபோல ஒரு மாயை. (பழைய ஆணி ஓட்டைகளை அடைத்தது தனிக்கதை.)

ஹால் விரிந்து தெரியட்டும் என்று முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னலுக்கு நேரெதிரே வைத்தேன், மாலை வெயில் அதில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பக்கச் சுவருக்கு மாற்றினேன். டியூப்லைட்டுக்குப் பதில் மூலைகளில் இரண்டு 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் விளக்குகள்.

புத்தக அலமாரி மட்டும் இன்னும் இடத்தை அடைக்கிறது. அதைத் தூக்க மனசு வரவில்லை.